ஆல்ட்+டேபா, விண்டோஸ்+டேபா?

மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. கோயில் சபைக்கு அறிவிப்பு தட்டச்சு செய்பவருக்கோ அதற்கு முந்தைய வாரம் ஓய்வே கிடையாது: ஒரு விண்டோவில் பிரெஞ்சு, இன்னொன்றில் தமிழ்.

இந்த இரண்டுக்கும் நடுவே போய்வர, விசைப்பலகையில் ஆல்ட்டையும் டேபையும் சேர்த்துத் தட்டும் ஆல்ட்+டேபை மிஞ்ச எதுவுமில்லை. கடைசியாகப் பார்த்த விண்டோதான் வரிசையில் அடுத்தது என்பதால், ஒரு தட்டில் அங்கே, மறு தட்டில் இங்கே. ஆல்டை விடாமல் டேபைத் தட்டிக்கொண்டே போனால் மற்றவையும் வரும். ஷிஃப்ட் சேர்த்தால் பின்னோக்கி. பத்துப் பன்னிரண்டு திறந்துவிட்டால்தான் தொல்லை. தேடுவதற்குள் விரல் நழுவி, வேண்டாத விண்டோவில் போய் விழுவோம்.

அப்போது விண்டோஸ்+டேப். எதையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். எல்லா விண்டோவும் திரையில் விரிந்து நிற்கும், நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் இதில் விண்டோக்களைப் பிரித்து வைக்கத் தனித்தனி டெஸ்க்டாப்பும் உண்டு. கண்ட்ரோல்+விண்டோஸ்+டி அழுத்தினால் புதியது ஒன்று. நன்கொடைக் கணக்கை அங்கே ஒதுக்கிவிட்டு, கண்ட்ரோல்+விண்டோஸுடன் இடவல அம்புக்குறிகளால் மாறிக்கொள்ளலாம்.

இரண்டே விண்டோவுக்கு இவ்வளவு ஏற்பாடு வீண். என் கை ஆல்ட்+டேபுக்குத்தான் போகும். (பிரவுசருக்குள் டேப் மாற்றவோ கண்ட்ரோல்+டேப், அது தனிக்கதை.)