கரி கிரில்: கட்டுவதா, இறக்குவதா, நிறுத்துவதா?

வெளிச் சமையலறையில் கரி கிரில் வைக்க மலையகத்தில் மூன்று வழி இருக்கிறது: மேசன் பாஸைக் கூப்பிட்டுச் செங்கல்லால் கட்டுவது, எஃகுப் பெட்டியை வாங்கி மேடைக்குள் இறக்குவது, பாதியாக அறுத்த பீப்பாயைக் காலோடு ஒரு மூலையில் நிறுத்துவது.

செங்கல் கட்டுதான் பார்க்க அழகு, காற்றுக்கும் அசையாது. ஆனால் இங்கே தொல்லை தருவது நெருப்பு மட்டுமில்லை, ஈரமும்தான். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது, செங்கல்லும் சீமெந்தும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அப்படி ஊறிய கட்டில் திடீரென்று நிறையக் கரியை மூட்டினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பூச்சைப் படாரென்று பெயர்த்துவிடும். ஆற்றுக்கல் பதித்தால் கல்லே வெடிக்கலாம். சாதாரண சீமெந்து 300 பாகை செல்சியஸ் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும், எரியும் கரியோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சுடும். அதனால் உள்பக்கம் முழுக்க நெருப்புக்கல் வேண்டும், அதைப் பிடிக்க நெருப்புக்களிமண் சாந்து. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து காயவைக்கிற அடுப்புக்குள் இருக்கிறதே, அந்தக் கல்தான். முதல் சில நாள் சின்ன நெருப்பாக மூட்டிக் காயவிடுங்கள், மழைக்காலம் முடிந்து திரும்ப மூட்டும்போதும் அப்படியே.

எஃகுப் பெட்டி சுலபம், கெடுப்பது பொருத்துகிற விதம். இறுக்கமாக இறக்கி ஓரத்தைச் சீமெந்தால் பூசிவிடுவார்கள், கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மீற்றர் எஃகு 400 பாகை சூடேறினால் 5 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும், இடம் இல்லாவிட்டால் மேடை வெடிக்கும். சுற்றிலும் இடைவெளி விட்டு விளிம்பு மட்டும் மேலே உட்காரட்டும். மேடைச் சட்டம் மரம் என்றால் வெப்பம் தடுக்கும் உறை இல்லாமல் இறக்கவே கூடாது. கீழே உள்ள அலுமாரியில் கேஸ் சிலிண்டர் வைப்பவர்களுக்கு என்ன சொல்ல? சமையல் கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், மேலிருந்து ஒரு தணல் விழுந்தால் போதும்.

பீப்பாய் மலிவு. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அறுக்கவே வேண்டாம், நாகம் (துத்தநாகம்) பூசியதும் வேண்டாம், சூட்டில் அதிலிருந்து வரும் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

என்னைக் கேட்டால், மூன்று பக்கம் செங்கல் சுவர், நடுவில் சக்கரம் வைத்த எஃகு கிரில். சமைக்கும்போது சுவர் காற்றைத் தடுக்கும், மழை வந்தால் ஆறிய பிறகு கிரிலை இஸ்தோப்புக்கு உருட்டிவிடலாம், வெடிக்கவும் ஒன்றுமில்லை. அஸ்பெஸ்டஸ் ஷீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் அது வெடித்துச் சிதறும்.

குளிருது என்று சுற்றிலும் தகரமும் பிளாஸ்டிக்கும் அடித்து மூடினால் அப்புறம் அது வெளிச் சமையலறையே இல்லை. கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மிச்சத் தணலை அறைக்குள் கொண்டுபோய்க் குளிர்காய்ந்து தூங்கினால் எழும்பாமலே போகலாம். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டி வெளியிலேயே வையுங்கள், மறுநாளும் அடியில் தணல் இருக்கும்.