லாக் செய்தால் நெட் போகிற லேப்டாப்பும் நான் ஏமாந்த 7,800 ரூபாயும்

7,800 ரூபாய். அந்தப் பணம் எதற்குப் போனது என்று இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றுக்கும் இல்லை. ஆற அமர எழுதலாம் என்று விட்டால் அதற்குள் இன்னொருத்தர் அந்தக் கடைப் படியை ஏறிவிடுவார், அதனால் இப்போதே எழுதுகிறேன். இதே கோளாறு உங்கள் லேப்டாப்பிலும் இருந்தால் நீங்களே எப்படிச் சரிசெய்வது என்று கடைசியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது நடக்கட்டும். மாடியில் ஒற்றை அறை, கண்ணாடிக் கதவு, எல்லாக் கம்பெனி லேப்டாப்பும் சர்வீஸ் செய்வதாக வாசலில் ஒரு போர்டு. அந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. இது எங்கள் திருப்பூரில்.

நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். இரண்டு பனியன் யூனிட், ஒரு நூல் கடை. ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடும், நான் வீட்டு லேப்டாப்பிலிருந்து நெட் வழியாக ரிமோட்டில் உள்ளே போய் வவுச்சர் போடுவேன். வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான். ஒருமுறை அடுப்பில் பால் பொங்குகிறதே என்று நான் எழுந்து போன நேரத்தில் கீபோர்டைத் தட்டி, 18,400 என்றிருந்த ஒரு கொள்முதலை 1,84,00,000 ஆக்கிவிட்டான். அன்றிலிருந்து எழுந்தால் லாக். விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்திவிட்டுத்தான் நகர்வேன். அடுத்தவர் கணக்கு, திறந்து போட்டுவிட்டுப் போகவும் கூடாது.

இரண்டு மாதமாக அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. லாக் செய்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தால் வைஃபை அறுந்திருக்கும். கடவுச்சொல் போட்டு உள்ளே போனதும் தானாகவே திரும்ப இணையும். ஆனால் ரிமோட் மூடியிருக்கும், பாதியில் விட்ட என்ட்ரி போயிருக்கும். அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. லாக் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் லேப்டாப்பும் நாள் முழுக்க ஓடுகிறது. லாக் செய்தால் மட்டும்தான் போகிறது.

இதை இதே வார்த்தைகளில் கடையில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்கிறேன்: லாக் செய்தால் மட்டும் போகிறது என்று சொன்னேன்.

போன மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி தாக்கல் முடிந்த கையோடு, 22ஆம் தேதி பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். பேச்சு அவ்வளவு பதவிசு. பையன் அழுததும் மேஜை டிராயரைத் திறந்து, வால் அறுந்த பழைய மவுஸ் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "வெச்சு வெளையாடு சாமி" என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். குழந்தையிடம் இப்படி இருக்கிறவர் நம்மை ஏமாற்றவா போகிறார் என்று தோன்றியது.

என் கண் முன்னாடியே அடி மூடியைத் திருகு கழற்றித் திறந்தார். உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரு அட்டை, அதன் தலையில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஒயர். ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுக் காட்டினார். "பாருங்க அக்கா, ஓரத்துல கருத்திருக்குது பாருங்க. வைஃபை கார்டு போயிருச்சுங்க. இதுக்குப் போற பவர் ஐசியும் போர்டுல வீக்காயிருச்சு. இப்படியே ஓட்டுனீங்கன்னா போர்டே போயிரும்." குனிந்து பார்த்தேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் கருத்திருப்பது போலத்தான் இருந்தது.

கார்டு 2,800. போர்டு வேலை 3,500. ஒரிஜினல் விண்டோஸ் போட 1,500. "ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துத்தானுங்க அக்கா." மொத்தம் 7,800. முன்பணம் 3,000 அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். கார்பன் வைத்து ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இல்லை. நான் தினமும் அந்த எண்ணைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சீட்டை இரண்டாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லேப்டாப்பின் கடவுச்சொல்லையும் கேட்டார், சொன்னேன். அதை நீலப் பேனாவால் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் மேலேயே ஒட்டி, வரிசையாக நின்ற மற்ற லேப்டாப்களோடு நிறுத்தினார். அங்கே இருந்த எல்லா மூடியிலும் அதே மாதிரி ஸ்டிக்கர். யாருடைய கடவுச்சொல்லும் யாரும் படிக்கலாம்.

26ஆம் தேதி மீதி 4,800 கொடுத்து வாங்கி வந்தேன். அன்று ராத்திரி வேலைக்கு உட்கார்ந்தேன். தோசை ஊற்ற எழுந்தேன், லாக் செய்தேன், வந்து பார்த்தேன். நெட் இல்லை.

மறுநாள் போன் செய்தேன். "ரவுட்டர் பிரச்சினையா இருக்கும் அக்கா." சரி என்று லேப்டாப்பைத் தங்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வேறு கம்பெனி இணைப்பு, வேறு ரவுட்டர். அங்கேயும் லாக் செய்தால் போகிறது. திரும்பப் போன் செய்தேன். "புது விண்டோஸ் இல்லீங்களா, அப்டேட் எல்லாம் ஏறட்டும், ரெண்டு நாள் விடுங்க." இரண்டு நாள் விட்டேன். அப்புறம் "உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்தான் கட் பண்ணுது." ஆடிட்டர் ஆபீஸில் கேட்டால், எங்கள் பக்கம் எதுவும் மாற்றவில்லை என்கிறார்கள். அப்புறம் "மாஸ்டர் ஊர்ல நோம்பிக்குப் போயிருக்காருங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." அப்புறம் போன் எடுப்பதே நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வராது.

5ஆம் தேதி நேரில் போனேன். மவுஸ் கொடுத்த அதே மனிதர். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. 7,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன், கோளாறு அப்படியே இருக்கிறதே என்றேன். "வேலை செஞ்சதுக்குத்தானுங்க காசு. சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது. வேணும்னா வெச்சுட்டுப் போங்க, இன்னொரு 2,000 ஆகும்." கழற்றிய பழைய கார்டையாவது கொடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்க்ராப்ல போயிருச்சுங்க." உள்ளே இன்னொரு பெண் கல்லூரிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய லேப்டாப்பும் திறந்து கிடந்தது. அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, இறங்கி வந்துவிட்டேன். நாலு நாளாக அதுதான் உறுத்துகிறது.

இன்று காலை ஆறு மணிக்குச் சித்தப்பா பையன் கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்தான். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. ஷிப்ட் முடிந்து தூங்கப் போகிறவனைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் முதல் வார்த்தையே, "அக்கா, கார்டு செத்திருந்தா நீ லாக் பண்ற வரைக்கும் அது காத்துட்டு இருக்குமா?" என்பதுதான்.

லாக் என்பது வேறு, ஸ்லீப் என்பது வேறு என்று விளக்கினான். லாக் செய்தால் கதவு மட்டும்தான் சாத்துகிறது, உள்ளே எல்லாம் ஓட வேண்டும், நெட்டும் இருக்க வேண்டும். ஸ்லீப்பில் போனால்தான் வேலை நிற்கும். ஆனால் லாக் திரை வந்து ஒரு நிமிடம் போல யாரும் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும். அதோடு சேர்த்து, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் என் வைஃபை கார்டுக்கும் மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கோளாறு இவ்வளவுதான்.

லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னான். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்து, வைஃபை கார்டின் பெயரை இரட்டைச் சொடுக்கு. பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாவல். அதில் முதல் கட்டம், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி என்ற அர்த்தத்தில் ஒரு ஆங்கில வரி, பக்கத்தில் டிக். டிக்கை எடுத்தேன். ஓகே. அந்த ஒற்றை டிக்கை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் ஃபார்மட் செய்தபோது இது பழையபடி டிக்கோடு வந்து உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் 7,800 ரூபாய்க்குப் பிறகும் அதே கோளாறு.

லாக் செய்துவிட்டுக் குளித்து, பையனைக் கிளப்பி, அரை மணி நேரம் கழித்து வந்தேன். டேலியில் பாதியில் விட்ட நரேஷன் வரியில் கர்சர் அப்படியே துடித்துக்கொண்டிருந்தது.

இது மட்டும் என்றால்கூட, தெரியாமல் செய்துவிட்டார் என்று மனதைத் தேற்றியிருப்பேன். சித்தப்பா பையன் இன்னொன்றும் கேட்டான். "கார்டு மாத்துனாங்கன்னு சொன்னியே, பழைய மேக் அட்ரஸ் எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கியா?" ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி உண்டு, கார்டு மாறினால் அதுவும் மாறும். ரிமோட்டுக்கு அனுமதி கேட்டபோது ஆடிட்டர் ஆபீஸுக்கு அந்த முகவரி தெரிகிற ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தேன். வாட்ஸ்அப்பில் தேடி எடுத்தேன். இப்போதைய முகவரியைப் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் படித்தேன். பன்னிரண்டில் ஒன்றுகூட மாறவில்லை. முகவரியை மாற்றிக் காட்டும் வசதி ஏதும் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தோம், இல்லை.

கார்டையே மாற்றவில்லை. 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருந்த கார்டையே திரும்ப மாட்டிக் கொடுத்திருக்கிறார். பழையது ஸ்க்ராப்பில் போய்விட்டது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அது என் மடியிலேயே இருந்தது. 1,500 ரூபாய் ஒரிஜினல் விண்டோஸின் லட்சணம், திரையின் வலது மூலையில் ஆக்டிவேட் செய் என்று மங்கலாக எழுதி நிற்கிறது. லேப்டாப் வாங்கும்போதே உரிமத்தோடுதான் வந்தது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டிருந்தால் நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகியிருக்குமாம். இவர் வேறு பதிப்பைப் போட்டிருக்கிறார்.

7,800 ரூபாய் என்றால் எனக்கு நூல் கடைக்கு மூன்று மாதம் கணக்கு எழுதுகிற பணம்.

ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன் என்றேன். நாளை மறுநாள் 11ஆம் தேதி, விற்பனை பில் விவரம் கொடுக்கிற ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள், இரண்டு யூனிட்டின் பில் இன்னும் பாக்கி. அதனால் அவசரமாகச் சிலது மட்டும்.

மேலே சொன்ன டிக்கை முதலில் பாருங்கள். புது மாடல் சிலவற்றில் அந்தத் தாவலே இருக்காது. அவற்றில் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், சார்ஜர் போட்டிருக்கும்போது எத்தனை நிமிடத்தில் திரை அணைகிறது, எத்தனை நிமிடத்தில் ஸ்லீப் போகிறது என்று பாருங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் மேக் அட்ரஸைப் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றும் எந்தப் பாகமும் என் கைக்குத் திரும்ப வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கடவுச்சொல்லை மாற்றி ஏதாவது தற்காலிகமாகப் போட்டுக் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மஞ்சள் சீட்டு, ஜிபே பதிவுகள் இரண்டு, மேக் அட்ரஸ் ஸ்க்ரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுவிட்டேன்.

இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதியம் கடைக்காரருக்கும் அனுப்பினேன். இவ்வளவு நாள் நீல டிக்கோடு நின்றுகொண்டிருந்தவர், இந்த முறை மூன்று நிமிடத்தில் பதில் போட்டார். "அக்கா நேர்ல வாங்க பேசிக்கலாம்."