விஎஸ் கோடில் பாஸா, கிரேடிலில் பாஸா? ஜாவா டெஸ்ட் ஓட்டிய அனுபவம்

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஜாவாவுக்கு விஎஸ் கோட் எடிட்டர் போதுமா? டெர்மினலில் பாஸ் ஆகிற டெஸ்ட் எடிட்டரில் ஃபெயில் ஆகுதே?" முதல் கேள்விக்கு, தாராளமாகப் போதும். டீபக் செய்வதெல்லாம் (பிழை தேடித் திருத்துவது) சுகமாக இருக்கிறது. இரண்டாவது கேள்வியோடுதான் நானும் ரொம்ப நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். ஒரே பில் தமிழிலும் வரவேண்டும், மலையாளத்திலும் வரவேண்டும். புராஜெக்டை பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டித் தரும் கருவி கிரேடில்; டெஸ்டுக்கு எந்த மொழி என்பதை அதன் பில்ட்.கிரேடில் கோப்பில், டெஸ்ட் அமைப்புகளை எழுதும் டெஸ்ட் பிளாக்கில், என்விரான்மென்ட் வேரியபிளாக (புரோகிராம் ஓடும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) வைத்திருக்கிறேன். டெர்மினலில் கிரேடில் வழியாக ஓட்டினால் அத்தனையும் பாஸ். எடிட்டரில் வரிக்குப் பக்கத்திலுள்ள முக்கோணத்தை அழுத்தினால் சிவப்பு. எதிர்பார்த்தது தமிழ்த் தலைப்பு, வந்தது மலையாளத் தலைப்பு. கோடில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

எடிட்டரின் ஜாவா எக்ஸ்டென்ஷன் கிளாஸ்பாத்தை, அதாவது தேவையான கிளாஸ்களும் லைப்ரரிகளும் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை, கிரேடிலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். டெஸ்டை மட்டும் தானே தனி ஜேவிஎம்மில் (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரம்) ஓட்டும். டெஸ்ட் பிளாக்கில் நாம் எழுதியது அங்கே போய்ச் சேராது. அதையே எடிட்டரின் அமைப்புக் கோப்பான செட்டிங்ஸ்.ஜேசனில் 'ஜாவா.டெஸ்ட்.கான்ஃபிக்' என்பதற்குள் மறுபடி எழுதவேண்டும். வேரியபிள் 'என்வ்' பகுதியில், ஜேவிஎம் ஆப்ஷன்கள் 'விஎம்ஆர்க்ஸ்' பகுதியில். பல மாட்யூல் உள்ள புராஜெக்ட் என்றால் 'வொர்க்கிங் டைரக்டரி'யும் பார்க்கவேண்டும்: கிரேடில் அந்தந்த மாட்யூல் ஃபோல்டரிலிருந்து ஓட்டும், எடிட்டர் வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டக்கூடும். ஃபைல் கிடைக்கவில்லை என்று வரும் எரர் பாதி இதனால்தான்.

ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட்டால், டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அரை நாள் போச்சு.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கிரேடில் ஃபார் ஜாவா எக்ஸ்டென்ஷன் இருந்தால், அந்த முக்கோணத்தில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸிக்யூட் யூசிங் புரொஃபைல்' போய் 'டெலிகேட் டெஸ்ட் டு கிரேடில்' என்று கொடுக்கலாம். கிரேடிலே ஓட்டும், ரிசல்ட் அதே பேனலில் வரும். கொஞ்சம் மெதுவுதான். இருந்தாலும், முதல் தடவை தமிழ்த் தலைப்போடு பச்சை டிக் வந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவு பாராட்டிவிட்டும், டெஸ்ட் பிளாக்கில் நிறைய வைத்திருக்கும் புராஜெக்டுக்கு இந்த எடிட்டரைச் சிபாரிசு செய்ய இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. தம்பிக்கும் அதையே சொன்னேன். அப்புறம், கமிட்டுக்கு முன்னால் டெர்மினலில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எதுவும் மாறவில்லை என்று எண்ணி, 'அப் டு டேட்' என்று கிரேடில் ஓட்டாமலே விட்டால் கூடவே 'ரீரன்' ஆப்ஷனைப் போடுங்கள், கிரேடில் 7.6 முதல் அது இருக்கிறது.