ஏசி அறையா, ஆசாரமா? மணி பிளான்ட்டுக்கு எது தோது

ஈரோட்டில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மணி பிளான்ட்டை எங்கே வைப்பது, ஏசி அறையிலா, ஆசாரத்திலா (வீட்டின் ஓடு வேய்ந்த முன் தாழ்வாரம்)? அதற்குத் தோதான சூடு சுமார் 18 முதல் 30 டிகிரி. அந்தக் கணக்கில் 24-ல் ஓடும் ஏசி அறைதான் சரி என்று தோன்றும். நானும் உள்ளே கொண்டுபோய், ஏசிக்கு நேர் கீழே வைத்தேன். கொஞ்ச நாளில் இலை நுனி பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. ராத்திரி 24, காலையில் அணைத்ததும் 35 என்று ஏறி இறங்குவதும் செடிக்கு ஆகாது.

ஆசாரத்தில் சூடு கூடுதல்தான். ஆனால் ஓட்டு நிழல் உண்டு, காற்றோட்டம் உண்டு, ஏற்ற இறக்கம் மெதுவாக நடக்கும். மண்தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது: தொட்டிச் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி வேரைக் குளிர வைக்கும். மத்தியானம் வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள், பானை போலச் சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக்கில் இது நடக்காது. சிமென்ட் தரையில் மட்டும் நேராக வைக்காதீர்கள். பகலில் குடித்த சூட்டை அது ராத்திரியிலும் கக்கும். ஒரு பலகை போதும்.

என் வாக்கு ஆசாரத்துக்கே. அடுக்குமாடியில் ஏசி அறைதான் வழி என்றால், காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள்.