லைமா பீன்ஸ்: செடி வகையா, கொடி வகையா?

டபுள் பீன்ஸ், பட்டர் பீன்ஸ் என்று நாம் சொல்வதெல்லாம் லைமா பீன்ஸ்தான். இதில் குத்தாக நிற்கும் செடி வகையும் உண்டு, பந்தல் கேட்கும் கொடி வகையும் உண்டு. ஒரே பருவத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வளர்த்துப் பார்த்தேன். இடம் இருந்தால் கொடியைப் போடுங்கள் என்பதே என் கட்சி.

காரணம் எளிது. சாதாரண பீன்ஸில் காயை முழுசாக நறுக்கிச் சமைக்கிறோம். லைமாவில் தோல் குப்பைக்குத்தான் போகும். உள்ளே இருக்கும் இரண்டு, மூன்று பருப்புதான் நமக்கு. ஒரு கூடை காயை உட்கார்ந்து உரித்தால் ஒரு கிண்ணம் பருப்பு தேறும். அதனால் செடிக்கு எத்தனை காய் என்பது இங்கே ரொம்ப முக்கியம்.

செடி வகை முழங்கால் உயரம்தான் வளரும். விதைத்த 65 முதல் 75 நாளில் காய் பறிக்கலாம். ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும். கொடி வகைக்கு ஏறத்தாழ 90 நாள் ஆகும். அது வரைக்கும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். அப்புறம் காய்க்க ஆரம்பித்தால் குளிர் வரும்வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். பறிக்கப் பறிக்கப் புதிதாகப் பூக்கும்.

வெயிலிலும் இந்த வேறுபாடு தெரியும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லைமா பூவை உதிர்க்கும். செடி வகை பூக்கிற அந்த ஒரு வாரத்தில் அனல் அடித்தால் அந்தப் பருவமே போச்சு. கொடி, உதிர்ந்தது உதிரட்டும் என்று அடுத்த கணுவில் மறுபடி பூக்கும். வெயில் கடுமையான இடத்தில் பருப்பின் அளவையும் பாருங்கள்: சிறு பருப்பு ரகங்கள் பெரிய பருப்பு ரகங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஹெண்டர்சன் சிறு பருப்புச் செடி ரகம். 1945இல், சிறந்த புது ரகங்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற ஃபோர்ட்ஹுக் 242 பெரிய பருப்புச் செடி ரகம். கொடியில் பெரிய பருப்பு வேண்டுமென்றால் கிங் ஆஃப் தி கார்டன்.

சரி, கொடிக்கு என்ன செலவு? பந்தல்தான். இரண்டரை, மூன்று மீட்டர் ஏறும். காய் பிடித்த பிறகு பாரம் அதிகம், மெல்லிய குச்சி சாய்ந்துவிடும். விதைக்கும் முன்பே கம்பத்தை ஆழமாக நட்டுவிடுங்கள். பிறகு நட்டால் வேர் அறுபடும். கொடியைக் கம்பத்தில் சுற்றிவிடும்போது மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் இரண்டு நாளில் தானே அவிழ்ந்துகொள்ளும்.

செடி வகைக்கு இந்த வேலை இல்லை. ஆனால் அடிக்காய்கள் மண்ணைத் தொடும். மழை நாளில் அழுகும். காய்ந்த புல் மூடாக்கு போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். குனிந்து பறிக்க வேண்டும் என்பதும் உண்டு. கொடியில் நின்றபடியே பறிக்கலாம்.

விதைப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மண் 18 டிகிரிக்காவது சூடாகியிருக்க வேண்டும், குளிர்ந்த ஈர மண்ணில் விதை அழுகும். இரண்டரை முதல் நாலு சென்டிமீட்டர் ஆழம் போதும். முளை, கனமான பருப்பைத் தூக்கிக்கொண்டுதான் மேலே வரும், மேல்மண் இறுகியிருந்தால் கழுத்து ஒடிந்துவிடும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள்; இலைதான் மண்டும்.

பறிக்கும் பக்குவத்தைக் கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருப்பின் நிழல் தோலின் ஓரம்வரை நிரம்பியிருந்து, தோல் இன்னும் பச்சையாக இருந்தால் அதுதான் சரியான நாள். தோல் மஞ்சளடித்தால் பருப்பில் மாவு கூடிவிடும்; அதைக் கொடியிலேயே விட்டு, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடலாம்.

எந்த வகையானாலும் பச்சையாக மெல்லக் கூடாது. வயிற்றில் சயனைடாக மாறும் லினமரின் இதில் இருக்கிறது. நிறைய தண்ணீரில், மூடாமல், நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கொடிதான் என்று நான் சொன்னது சூடான மாதங்கள் குறைந்தது நாலு கிடைக்கும் இடங்களுக்கு. மூன்றுதான் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் செடி வகைக்குப் போங்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை விதைத்தால் அறுவடை கொஞ்சம் நீளும். இரண்டையும் போடுகிறவர்கள் விதைக்கென்று எடுத்துவைக்கும் காயை மட்டும் தனியே தள்ளி வளர்த்த செடியிலிருந்து எடுங்கள். தேனீ இரண்டுக்கும் மகரந்தத்தைக் கலந்துவிட்டால், அடுத்த பருவம் குத்துச்செடி என்று நினைத்து விதைத்தது பந்தல் தேடி நீளும்.