வாய்க்கால் கரையில் சைக்கிள்: கீழ்பவானியா, காலிங்கராயனா, பிஏபியா?

லாரி ஹாரன் காதில் விழாமல் ஒரு நாள் முழுக்க சைக்கிள் மிதிக்க கொங்கு நாட்டில் இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் மலையைக் காட்டுவதில்லை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. கேட்கும்போதே ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் திம்பத்தில் வளைவுக்கு வளைவு சரக்கு லாரி திரும்பிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டிலும் விடுமுறை நாளென்றால் கார்களுக்கு நடுவே ஓரம் தேடியே நேரம் போய்விடும். அதனால் நான் காட்டுவது வாய்க்கால் கரையை.

தண்ணீர் மேடேறாது, அதுதான் காரணம். ரயிலுக்கும் செங்குத்தான ஏற்றம் ஆகாது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் மலைப்பகுதியில் கைவிட்ட சுரங்க ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருப்பது அந்தச் சமதளத்துக்காகத்தான். நமக்கு அந்த வேலையை நிலத்தின் மட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால்கள் செய்து வைத்திருக்கின்றன. கூடவே கரைமேல் அதிகாரிகளின் ஜீப் போய்வர ஒரு மண்தடம். வண்டியே வராது என்று சொல்லமாட்டேன். பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் வரும், புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் வரும். இரண்டும் நமக்கு வழிவிட்டுத்தான் போகும்.

என் கணக்கில் மூன்று கரைகள்: கீழ்பவானி, காலிங்கராயன், பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டக் கால்வாய். மூன்றில் ஒன்றுதான் போக முடியும் என்றால் கீழ்பவானி, அதுவும் தை மாதத்தில். குழந்தைகளையோ புதிதாக மிதிப்பவர்களையோ கூட்டிப்போவதானால் காலிங்கராயன். பிஏபி, காற்றையும் வெயிலையும் தாங்கிப் பழகியவர்களுக்கு. இது நான் பல வருடம் மூன்று கரைகளிலும் சுற்றிவிட்டுச் சொல்வது.

கீழ்பவானியை ஊருக்குள் எல்பிபி (லோயர் பவானி புராஜெக்ட்) என்றால்தான் தெரியும். பவானிசாகர் அணையில் புறப்பட்டு 200 கிலோமீட்டர், பழைய கணக்கில் 124 மைல். கரையோரத்து விவசாயிகள் இன்றைக்கும் மைல் கணக்கில்தான் பேசுகிறார்கள். வழி கேட்டால், இத்தனாவது மைல் தாண்டி இடது பக்கம் ஒரு மதகு வரும் என்பார்கள். கிலோமீட்டரில் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 1955இல் கட்டி முடித்த அணை அது; இந்த ஒரு வாய்க்காலை நம்பி 2,07,000 ஏக்கர் இருக்கிறது.

எனக்கு இந்தக் கரை பிடித்துப்போனதற்குக் காரணம் நீளம் அல்ல. தண்ணீர் போகும் திசையில் நீங்களும் போனால், இடது கைப் பக்கம் வாய்க்கால் பாய்கிற பூமி: நெல், மஞ்சள், கரும்பு, வாழை. வலது கைப் பக்கம் நிலம் வாய்க்காலைவிட உயரம். அங்கே தண்ணீர் ஏறாது. மேட்டுக்காடு, பனைமரம், கிளுவை வேலி, ஆடு மேய்க்கிற ஆள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் இந்த மண்ணை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இந்தக் கரையில் கழுத்தை இடமும் வலமும் திருப்பினாலே தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை அரச்சலூர் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "ஏனுங் சாமி, தார் ரோடு கெடக்குதல்லோ, இந்தக் கரைமேல எதுக்குங் இப்படிச் சீரளியறீங்க?" என்று கேட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே போகத்தானுங்க ஆத்தா என்றேன். அவருக்கு அது சரியான பதிலாகவே பட்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

முழு நீளத்தையும் ஒரே மூச்சில் போக வேண்டாம். மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் பவானிசாகரில் வெயில் ஏறிய பிறகே புறப்பட வேண்டும். அணையை ஒட்டி சத்தியமங்கலம் காடு. யானை தண்ணீருக்கு இறங்குகிற இடம். விடிகாலை இருட்டில் அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை. சத்தி, கோபி பக்கமெல்லாம் கண்ணுக்குப் பச்சை. பெருந்துறைக்கு அருகே பெரிய சாலைகள் குறுக்கிடும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். அதன்பின் வெள்ளோடு. எல்பிபி தண்ணீரில் வாழ்கிற அந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் பறவைகள் வந்து குவியும். அரை நாள் ஒதுக்கினாலும் தகும். அரச்சலூரை ஒட்டித் தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலை இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தடம் ஒரே சீராக இருக்காது. கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் சரளை, அப்புறம் முழங்கால் உயரப் புல். சீமைக்கருவேல முள்தான் பெரிய எதிரி. ஒரே மாலையில் எனக்கு நான்கு பஞ்சர். நான்காவதற்கு ஒட்டுத்துண்டு தீர்ந்துபோய் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயரை இங்கே கொண்டு வராதீர்கள். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், இரண்டு டியூப், காற்றடிக்கும் பம்பு. இவை இல்லாமல் கரை ஏறவே கூடாது. இன்னொன்று, குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு கடுமை. கான்கிரீட் சரிவில் பாசி பிடித்திருந்தால் ஏறி வரப் பிடிமானமே கிடைக்காது.

கான்கிரீட் என்றதும் இந்த வாய்க்காலைப் பூசுவது பற்றிய தகராறைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. கரையையும் தரையையும் கான்கிரீட்டால் பூசினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்கிறார்கள் ஒரு சாரார்; பூசினால் கசிவுநீரை நம்பியிருக்கும் எங்கள் கிணறு வற்றும் என்கிறார்கள் மறு சாரார். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாட்டுக் கவலை. நிழலுக்காக மட்டும் போகிற நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கரையில் நிற்கும் பெரிய மரங்கள் ஒவ்வொன்றும் தப்ப வேண்டும் என்று மட்டும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பருவம் இங்கே முக்கியம். முதல் போகத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15இல் தண்ணீர் திறப்பார்கள். அடுத்த திறப்பு ஜனவரியில். சித்திரை கழிந்து ஆடி வரை வாய்க்கால் வறண்டு கிடக்கும். இதில் ஒரு வருத்தம்: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று கிழக்கே போகிறவனை முதுகில் கை வைத்துத் தள்ளும். அந்தச் சுகம் கிடைக்கிற நாளில் பக்கத்தில் தண்ணீர் இருக்காது.

அதே காற்று பிஏபியில் பகையாகிவிடுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பிரதான கால்வாய் உடுமலை அருகே திருமூர்த்தி அணையில் கிளம்பி, பெரும்பாலும் வடக்கும் வடகிழக்குமாகப் போகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் பேச்சுக்குச் சொல்வதல்ல. காற்று இடப்பக்கத்திலிருந்து அறையும். கரை உயரம், மரம் குறைவு, வலப்பக்கம் கான்கிரீட் சரிவு. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே புரியும். அந்த இரண்டு மாதம் இங்கே யாரையும் நான் அனுப்பமாட்டேன். மார்கழியில் கதை வேறு. காற்று ஓய்ந்து, பின்னால் ஆனைமலை நீலமாக எழுந்து நிற்க, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஆனால் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மூன்றே முக்கால் லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத்தான் விடுகிறார்கள். திருமூர்த்திக்கு மேலே, சர்க்கார்பதியிலிருந்து மலையடிவாரத்தைச் சுற்றி வரும் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயை வரைபடத்தில் பார்த்தால் சைக்கிள்காரனுக்கு வாயூறும். அது புலிகள் காப்பகக் காடு. அதை விட்டுவிடுங்கள்.

காலிங்கராயனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மூன்றில் வயதில் மூத்தது அதுதான். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற கொங்குத் தலைவர் வெட்டியது. பவானி கூடுதுறைக்குப் பக்கத்து அணையிலிருந்து நொய்யல் வரை 56 மைல். நேர்க்கோட்டில் அளந்தால் அதில் பாதியைச் சற்றே தாண்டும். அவ்வளவு வளைவு. பாம்பு முன்னால் ஊர்ந்து வழிகாட்டியது என்று ஊரில் கதை சொல்வார்கள். சைக்கிளில் போகும்போது அந்தக் கதை காலுக்கே தெரியும்: இருநூறு அடிக்கு ஒரு திருப்பம், திருப்பத்துக்கு ஒரு காட்சி. எல்பிபியில் அடுத்த ஒரு கிலோமீட்டர் முன்கூட்டியே தெரிந்துவிடும். இங்கே அடுத்த வாழைத்தோப்புக்குப் பின்னால் என்ன என்று தெரியாது. குழந்தைகளுக்கு அலுக்காது. வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் தண்ணீரும் ஓடும்.

ஆனால் பவானியில் தொடங்காதீர்கள். ஈரோட்டை ஒட்டிய பகுதியில் சாயக் கழிவும் தோல் கழிவும் இந்தத் தண்ணீரைப் படுத்திய பாடு ஊரறிந்தது. 700 வருடத்துக்கு மேல் சோறு போட்ட வாய்க்காலை அந்த நிலையில் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. ஊரைத் தாண்டி வெண்டிபாளையத்தில் கரை ஏறுங்கள். நஞ்சை ஊத்துக்குளி, பாசூர், ஊஞ்சலூர் என்று போகப்போக மஞ்சள் தழை வாசனையும் கரும்பாலைப் புகையும் வந்து சேரும். ஈரோடு–கரூர் ரயில் பாதை அதிகம் விலகாமல் கூடவே வருவதால், யாராவது களைத்துவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திக்கொள்ளலாம். மற்ற இரண்டு கரைகளிலும் இந்த வசதி கிடையாது.

நாங்கள் எப்போதும் கொடுமுடியில் முடிப்போம். மகுடேசுவரர் கோயிலைத் தாண்டிப் படித்துறையில் உட்கார்ந்தால் எதிரே காவிரி. கட்டிவந்த அரிசிம்பருப்புச் சோற்றை அங்கேதான் பிரிப்போம். ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். ரயிலில் சைக்கிளை ஏற்ற வேண்டுமென்றால் அரை மணி முன்னதாகவே போய்க் கேட்டுவிடுங்கள்.