மைட்டோப்யூர்: வாங்குவதற்கு முன் ஆய்வு முடிவுகளைப் பார்ப்போம்

ஸ்விட்சர்லாந்தின் அமாசென்டிஸ் நிறுவனம் 'டைம்லைன்' என்ற வணிகப் பெயரில் விற்கும் மைட்டோப்யூர், யூரோலித்தின் ஏ என்ற ஒரே சேர்மத்தை நம்பி நிற்கும் துணை உணவு. மாதுளையிலும் வால்நட்டிலும் உள்ள எலாஜிட்டானின் என்னும் தாவரச் சேர்மங்களைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இது உருவாகிறது. மாதுளைச் சாறு கொடுத்துச் சோதித்ததில், ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் உடல் மட்டுமே இதைப் போதிய அளவு உருவாக்கியது. எனவே பழத்தையே உண்ணலாமே என்ற கேள்விக்கு, எல்லோர் உடலும் இதை உருவாக்காது என்று இந்நிறுவனம் தரும் விடை நியாயமானதே.

இதன் அறிவியல் அடித்தளம் வலுவானது. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டு அதன் சவ்வு மின்னழுத்தம் குறையும்போது அதன் வெளிச்சவ்வில் பிங்க்1 புரதம் திரண்டு, பார்க்கின் புரதத்தை அழைத்து, அழிக்க வேண்டியது இது என்று அடையாளம் இடச் செய்கிறது. செல் அதைச் சூழ்ந்து செரித்துவிடுகிறது. மைட்டோஃபேஜி எனப்படும் இத்துப்புரவு வயது ஏற ஏறத் தளர்கிறது. இவ்விரு புரதங்களின் மரபணுக்கள் பழுதானால் இளவயதிலேயே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் வரக்கூடும் என்பதால்தான் மருந்து ஆய்வாளர்கள் இந்தச் சமிக்ஞைப் பாதையை விடாமல் தொடர்கிறார்கள். யூரோலித்தின் ஏ மைட்டோஃபேஜியைத் தூண்டி, புழுக்களின் ஆயுளை 45 விழுக்காடும் எலிகளின் ஓடும் திறனை 42 விழுக்காடும் கூட்டியதாக 2016இல் வெளியான ஆய்வு அறிவித்தது.

மனிதரிடம் கிடைத்த பலன் இவ்வளவு பெரிதன்று. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதைக் கடந்த 66 பேரில் ஒரு பிரிவினர் நாள்தோறும் 1000 மில்லிகிராம் வீதம் நான்கு மாதங்கள் உட்கொண்டனர். ஆறு நிமிட நடைத்தொலைவு அவர்களுக்குச் சராசரியாக 60.8 மீட்டரும், போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 42.5 மீட்டரும் கூடியது. புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. தசைகள் களைப்படையாமல் இயங்கும் திறன் மட்டும் தெளிவாக மேம்பட்டது. நடுவயதினரிடம் நடந்த மற்றோர் ஆய்விலும் முதன்மை அளவுகோலான, உடற்பயிற்சியின்போது வெளிப்படும் உச்சத் திறன் கூடவில்லை. தொடைத் தசை வலிமை ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் பணம் கொடுத்தது இதே நிறுவனம் என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

முதன்மை இலக்குகளை எட்டாத முடிவுகளையும் இந்நிறுவனம் வெளியிட்டிருப்பதை நான் மதிக்கிறேன். துணை உணவுச் சந்தையில் இது அரிது. ஆயினும், 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் யூரோலித்தின் ஏ-க்கு ஆட்சேபம் தெரிவிக்காதது உணவில் சேர்ப்பதற்கான பாதுகாப்பு குறித்தே. நோய் தீர்க்கும் ஆற்றலுக்கான சான்றிதழாக அதைக் கொள்ளக் கூடாது. ஒழுங்காக உடற்பயிற்சி செய்து, விலையும் தாங்கக்கூடிய முதியவர், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சில மாதங்கள் முயன்று பார்க்கலாம். பார்க்கின்சனுக்கோ இதய நோய்க்கோ மருந்து உட்கொள்பவர்கள், அதற்கு மாற்றாக இதை வாங்க வேண்டாம்.